ரிட்டர்ன் டிக்கெட்டோடு வருகிற பல்வலி

சித்தூரிலும் திருப்பதியிலும் புதிதாகப் பல் கிளினிக் திறந்திருக்கும் உங்களில் சிலர் என்னைப் பார்க்க வரும்போது, பேச்சு எப்படியும் வெளிநாட்டு நோயாளிகளிடம் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் ஒரு பல்லுக்கு ஆகிற செலவில் விமானம் ஏறி வந்து, வாய் முழுவதையும் சரிசெய்துகொண்டு, திருமலை தரிசனத்தையும் முடித்துத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு வருகிறார்கள். உங்கள் வாசலில் அதற்கென்றே தனி போர்டு இருக்கிறது. நல்லது. என் காலத்தில் போர்டு இல்லை, ஆனால் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் குவைத்திலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தார்கள்.

என் கிளினிக் நகரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தது. பின்னால் விசைத்தறிகள். தொண்ணூறுகளில் சுற்று ஊர்களிலிருந்து ஆண்கள் டிரைவர் வேலைக்கும், பெண்கள் வீட்டு வேலைக்கும் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். அங்கே பல் வைத்தியரிடம் போக அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. எஜமானி தரும் வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, லவங்கத்தைக் கடித்துக்கொண்டு, லீவுக்காகக் காத்திருப்பார்கள். லீவு கிடைத்து வந்தால் முதலில் சொந்தக்காரர் வீடு, பிறகு கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் வேலை, பிறகு மலைக்கு நேர்த்திக்கடன். பல் கடைசியில்தான். பெட்டி கட்டுகிற வாரத்தில்தான் என்னிடம் வருவார்கள்.

ஆகவே வெளியூரிலிருந்து வருபவர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும், எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், என்றைக்குத் திரும்பப் போகிறார் என்று கேளுங்கள். இந்தப் பழக்கம் எனக்கு அமுலுவுக்குப் பிறகு வந்தது.

அமுலு நகரிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. என்னைவிடச் சிறியவள். அவள் பிறந்த குடும்பத்திலும் புகுந்த குடும்பத்திலும் யாருக்கும் சொந்த நிலம் இருந்ததில்லை. அவள் குவைத்துக்குப் போன பிறகுதான் வாங்கினார்கள். புருஷன் முனிரத்தினம் அந்த நிலத்தில் பயிர் செய்துகொண்டு, ஊரில் ஒரு வீடும் எழுப்பிக்கொண்டிருந்தார். சுவர் நின்றது, கூரை போடவில்லை.

ஒரு லீவில் அமுலு முதல் தடவை என்னிடம் வந்தபோது கீழ் வரிசையில், வலது பக்கக் கடைசிப் பல் உள்ளே முழுக்க அரித்துப் போயிருந்தது. கன்னத்தில் லேசான வீக்கம். பல்லைத் திறந்து சீழ் வடிய விட்டு, மாத்திரை கொடுத்து, இரண்டு நாளில் கட்டாயம் வா என்று சொல்லி அனுப்பினேன். வரவில்லை. மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

அடுத்து அவளைப் பார்த்தது ஒரு நண்பகலில். வாசலில் அம்பாசிடர் ஒன்று வந்து நின்றது. மேலே கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய பெட்டிகள். முனிரத்தினம் முதலில் இறங்கி உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டைப் பையில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் துருத்திக்கொண்டிருந்தன.

"டாக்டரம்மா, கொஞ்சம் சீக்கிரம். வண்டி நின்னுக்கினு கீது. ராத்திரி ஏரோப்ளேன். மெட்ராஸ் போய்ச் சேரணும்."

பின்னால் அமுலு வந்தாள். வாயை ஒரு துண்டால் மூடியிருந்தாள். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினாள். வாயில் சூடான களி உருண்டையை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது குரல்.

"ஊசி ஒண்ணு போட்டு உடும்மா. அங்க போய்ச் சேர்ற மட்டும் தாங்கினா போதும். அடுத்த லீவுல வந்து புடுங்கிக்கிறேன்."

"மாத்திரை துன்னியா?" என்று கேட்டேன். அவர்களோடு பேசிப் பேசி அவர்கள் பேச்சு எனக்கும் வந்துவிட்டிருந்தது.

"வலி நின்னுபோச்சேன்னு உட்டுட்டேன்."

துண்டை எடுக்கச் சொன்னேன். தாடைக்குக் கீழே, ஒரு பக்கம் மட்டுமல்ல, இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். பலகை மாதிரி இருந்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. நாக்கு மேலே எழும்பி அண்ணத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டு எச்சிலால் நனைந்திருந்தது. எச்சிலை ஏன் விழுங்காமல் துண்டில் விடுகிறாள் என்பதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது.

நாற்காலியில் உட்கார வைத்து மெதுவாகப் பின்னால் சாய்த்தேன். பாதிகூடச் சாயவில்லை, என் கையைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு தம்ளரில் தண்ணீர் கொடுத்து ஒரு வாய் குடிக்கச் சொன்னேன். குடித்த தண்ணீர் அப்படியே துண்டில் திரும்பி வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், வாசலில் இருந்த அவசரம் இல்லை.

படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் இறங்கி, கழுத்துக்குப் பரவி, மூச்சுக்குழலை நெருக்கும். நானும் மனப்பாடம் செய்தவள்தான். ஆனால் அன்று வரை கண்ணால் பார்த்ததில்லை. என் முன்னால் உட்கார்ந்திருப்பது அதுதானா, அல்லது நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா என்று எனக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஊசி போட்டு, நாலு மாத்திரை கொடுத்து, நல்லபடியாகப் போய்ட்டு வா என்று அனுப்புவது மிகச் சுலபம். அவள் கேட்டதே அதுதான். காரில் ஏறிப் போய்விடுவாள். அதற்குப் பிறகு எது நடந்தாலும் வேறு நாட்டில், அல்லது ஆகாயத்தில் நடக்கும். என்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற நோயாளியிடம் நீங்கள் பயப்பட வேண்டிய சபலம் இதுதான். அவர் நாளைக்கு உங்கள் ஊரில் இருக்க மாட்டார்.

முனிரத்தினத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதுதான் வழக்கம். அன்று அப்படிச் செய்யவில்லை. அவள் எதிரிலேயே சொன்னேன். மூச்சு அவளுடையது.

"இவங்க இன்னைக்கு ஏரோப்ளேன் ஏறக் கூடாது. வீக்கம் தொண்டையை நெருக்கிக்கிட்டு வருது. இப்பவே திருப்பதிக்குப் போகணும். கழுத்தைத் திறந்து வடிய விடணும்."

அவர் என்னை நம்ப முடியாமல் பார்த்தார். "பல்லு வலிக்குப் போய் ஏரோப்ளேனை உடச் சொல்றீங்களே! பல்லு வலியில யாராச்சும் செத்திருக்காங்களா?"

"செத்திருக்காங்க."

"இன்னா டாக்டரம்மா சொல்றீங்க? இன்னைக்கு ஏறலைன்னா விசா பூடும். குவைத்துல அந்த எஜமானியம்மா டிக்கெட்டு அனுப்பிக் கீறாங்க. இவ போலைன்னா நாளைக்கே வேற ஆளை வெச்சுக்குவாங்க. ஊர்ல கூரை இல்லாம நிக்குது ஊடு. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சுக் கீறோம்."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழியும் சொன்னார். "சரி, மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரி இல்லியா? போற வழிதான. அங்க காட்றேன். சரியாப் போச்சுன்னா அப்டியே ஏத்தி உட்டுர்றேன்."

நான் தடுமாறிவிட்டேன். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் நஷ்டமில்லாத யோசனை. நெருக்கடியில் இப்படி எல்லோரையும் திருப்திப்படுத்தும் ஒரு வழி கிடைத்தால், அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். திருப்பதியைவிடச் சென்னை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம். அங்கே எனக்குத் தெரிந்த அறுவை நிபுணர் யாரும் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், கார் அந்தத் திசையில் ஓடத் தொடங்கிவிட்டால் திருத்தணியைத் தாண்டும்போதும், திருவள்ளூரைத் தாண்டும்போதும், இன்னும் கொஞ்ச தூரம்தானே, ஏர்போர்ட்டே வந்துவிடுமே என்றுதான் தோன்றும். முனிரத்தினம் கெட்டவர் என்பதால் அல்ல. யாராக இருந்தாலும் அப்படித்தான் தோன்றும்.

"மெட்ராஸ் வேணாம்" என்றேன். "வழியில மூச்சு நின்னா என்ன பண்ணுவீங்க?"

அமுலுதான் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது.

"நீயும் வர்றியாம்மா?"

திருப்பதிக்கு அவள் சம்மதம் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் வருகிறேனா என்று கேட்டாள். வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். "வர்றேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

கிருமிக்கான முதல் மருந்தை நரம்பில் ஏற்றினேன். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, திருப்பதியில் எனக்குத் தெரிந்த வாய் அறுவை நிபுணரைக் கூப்பிட்டேன். என்னைவிடச் சில வருடம் மூத்தவர். மீட்டரில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன, நான் மூச்சு விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் சொன்னார்.

"ஆம்புலன்சுக்குக் காத்திருக்காதீங்க. இருக்கிற வண்டியில வாங்க. உட்கார வெச்சே கூட்டிட்டு வாங்க. நான் தியேட்டரைத் தயார் பண்றேன்."

"வழியில நின்னுபோச்சுன்னா, சார்?"

"கத்தி வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"எடுத்துக்குங்க. மூச்சு போறதுக்குத் தொண்டையில எங்க துளை போடணுமோ அந்த இடத்தை இப்பவே தொட்டு வெச்சுக்குங்க. வீக்கம் ஏறிட்டா அப்புறம் கிடைக்காது."

உயிருள்ள ஒரு மனுஷியின் தொண்டையில் நான் கத்தி வைத்ததே இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

காரில் அமுலு பின்சீட்டில், முன்பக்கம் குனிந்து, முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில். முனிரத்தினம் முன்னால் உட்கார்ந்திருந்தார். மெயின் ரோட்டுக்கு வந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் சென்னை, அந்தப் பக்கம் புத்தூர், திருப்பதி. முனிரத்தினம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். கடைசியில் கையை மட்டும் புத்தூர்ப் பக்கம் காட்டினார்.

என் கைப்பையில் கத்தி இருந்தது. ஒரு கை அமுலுவின் கையைப் பிடித்திருந்தது. மறு கையின் விரல் அவள் தொண்டைக் குழிக்கு மேலே, அந்தச் சின்னப் பள்ளத்தின் மேல் இருந்தது. "மூச்சு உட முடிஞ்சா என் கையை அழுத்து. முடியலைன்னா விட்டுடு" என்று சொல்லி வைத்தேன். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அழுத்தினாள்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு லாரி, பஸ், நாலைந்து மோட்டார் சைக்கிள்கள். டிரைவர் இறங்கி ஓடி கேட்காரரிடம் கெஞ்சினார். கூட்ஸ் வண்டி சிக்னலைத் தாண்டிவிட்டது, திறக்க முடியாது என்றார் அவர். கார் நின்றதும் காற்றும் நின்றது. அமுலுவின் மூச்சில் ஒரு சீழ்க்கைச் சத்தம் வந்தது. அதுவரை அது இல்லை.

என் விரலுக்கு அடியில் இருந்த பள்ளம் மங்கிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அந்த இடம் தெரியாது. இப்போதே செய்துவிடு, இடம் கிடைக்கும்போதே செய்துவிடு என்று மனத்தில் ஒரு குரல். கையை உதறாமல் இருக்கிறாள், கேட்டால் அழுத்துகிறாள், உதடு இன்னும் நீலமாகவில்லை, கண் என்னைத்தான் பார்க்கிறது, பொறு என்று இன்னொரு குரல். நடுங்குகிற கையால், ஓடாத காரில், தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தியின் தொண்டையைத் திறந்தால் அவளைக் கொல்வது நானாகவும் இருக்கலாம். பயம் தாங்காமல் செய்கிற காரியத்தையும் தேவைப்பட்டுச் செய்கிற காரியத்தையும் பிரித்துப் பார்க்க எனக்கு அன்று ஒரே வழிதான் இருந்தது. மறுபடியும் கேட்டேன். "அமுலு, மூச்சு வருதா?" அழுத்தினாள். காத்திருந்தேன்.

கூட்ஸ் வண்டி போய் முடிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் தயாராக நின்றார்கள். நல்ல மனிதர்கள். அவளைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். உடனே அமுலு கை காலை உதறத் தொடங்கினாள். பயத்தில் உதறுகிறாள் என்று நினைத்து ஒருவர் தோளை அழுத்தினார். "படுகோம்மா, ஏமி காது" என்று தெலுங்கில் ஆறுதல் சொன்னார், படும்மா, ஒன்றும் ஆகாது என்று. நான் அவரைப் பிடித்துத் தள்ளினேன். அப்படி யாரையும் அதற்கு முன்போ பின்போ தள்ளியதில்லை. "உட்கார வையுங்க! படுத்தா மூச்சு நின்னுடும்!" என்று கத்தினேன். மூன்று பேருமாக அவளைத் தூக்கி நிமிர்த்தினோம். படுக்க மாட்டேன் என்று உடம்பு சொன்னால் அதைக் கேளுங்கள். உங்களைவிட அதற்குத் தெரியும்.

நிபுணர் வந்தார். அவளை உட்கார வைத்தபடியே, மரத்துப்போக ஊசி போட்டு, கழுத்தின் முன்பக்கம் துளை செய்து குழாய் வைத்தார். முதல் காற்று அதன் வழியே போன சத்தத்தை நான் கேட்டேன். அதற்குப் பிறகுதான் தாடைக்கு அடியில் திறந்து வடிய விட்டார்கள். அந்த விவரமெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நான் தியேட்டருக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் முனிரத்தினம் பூத்திலிருந்து குவைத்துக்குப் போன் செய்துவிட்டு வார்டுக்கு வந்தார். அவருக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. அமுலு ஆஸ்பத்திரி, அமுலு ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"அந்தம்மா இன்னாவோ நெறய பேசுனாங்க" என்று மனைவியிடம் சொன்னார். "கடைசில கலாஸ், கலாஸ்னாங்க. அப்டின்னா இன்னா?"

எனக்கும் அந்த வார்த்தை தெரியாது. அமுலுவுக்குத் தெரியும். குழாய் இருந்ததால் அவளால் பேச முடியாது. இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தட்டி, தூசியை உதறுவதுபோல் காட்டினாள். முடிந்துவிட்டது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முனிரத்தினம் என்னை வெளியே அழைத்துப் போனார். சத்தமாகப் பேசவில்லை. "நீங்க நல்லதுதான் நெனச்சிருப்பீங்க. ஆனா எங்க பொழப்பு போச்சு டாக்டரம்மா. அங்க எறங்கியிருந்தா அவங்களே பெரிய ஆஸ்பத்திரியில பாத்திருப்பாங்க. வேலையும் இருந்திருக்கும்."

நடக்காமல் நாம் தடுத்ததை யாருக்கும் எடுத்துக் காட்ட முடியாது.

குழாயை எடுத்த பிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். அமுலு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், முனிரத்தினம் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். கழுத்துக் கட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நெஜத்தைச் சொல்லும்மா. ஏறியிருந்தா செத்திருப்பேனா?"

ஆமாம் என்று அடித்துச் சொல்லியிருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும். என் மனமும் ஆறியிருக்கும். "நீ செத்திருப்பேன்னுதான் நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனக்கிறேன். ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது, அமுலு" என்றேன்.

முனிரத்தினம் வெளியே போய்விட்டார்.

"அவுரு கெடக்கறாரு உடு" என்றாள். "எனக்குக் கார்லயே தெரிஞ்சிபோச்சு. என் கழுத்துமேல வெச்சிருந்தியே ஒரு விரலு, அது கேட்டாண்ட நிக்கறப்ப அப்டி ஒதறிச்சு. டாக்டரே இப்டி ஒதறிக்கினு கீறாங்களே, நாம இன்னிக்குப் போய்ச் சேர்ந்துடுவோமேன்னு நெனச்சிக்கினேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். தையல் இழுத்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டாள். தைரியமாகத் தெரிய வேண்டும் என்று வழி முழுவதும் நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு வந்தது வீண்.

அந்த வீடு வெகுநாள் கூரையில்லாமல் நின்றது. மகள் கல்யாணமும் தள்ளிப்போனது. அமுலு பங்காருபாளையத்தில் மாம்பழ சீசனில் தரம் பிரிக்கும் கூலி வேலைக்குப் போனாள். பிறகு வேறொரு வீட்டுக்கு விசா கிடைத்து மறுபடியும் குவைத்துக்குப் போனாள். கூரை போட்டார்கள், கல்யாணமும் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் முனிரத்தினம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். அவருக்குப் பல் வலி வந்தபோது பஸ் ஏறித் திருத்தணிக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. சரியான முடிவு எடுத்தால் நன்றி வரும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். நீங்கள் தடுத்து நிறுத்திய மனிதர்கள் வாழும் ஊரில்தான் நீங்களும் வாழ வேண்டியிருக்கும்.

ஆனால் அமுலு லீவில் வரும் ஒவ்வொரு முறையும், வந்த முதல் வாரத்திலேயே ஒரு ஆட்டோ என் கிளினிக் வாசலில் வந்து நிற்கும். அவள் இறங்கி உள்ளே வருவாள். நான் வாயைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பேன். முனிரத்தினம் ஆட்டோவை விட்டு இறங்கவே மாட்டார், என் பக்கம் திரும்பவும் மாட்டார். கிளினிக்கை மூடுகிற வரைக்கும் அவர் ஒருமுறைகூட உள்ளே வரவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது மட்டும் எப்போதும் அவர்தான்.